மோப்ப நாய் கவ்விப் பிடித்த காலம்: பழைய போலீஸ் நாய்ப் படங்களைத் தேடி, பார்த்து, காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

"மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சம்பவ இடத்தில் இருந்து சிறிது தூரம் ஓடி நின்றது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." தமிழ்ப் பத்திரிகை படிக்கிற யாருக்கும் இந்த வரிகள் மனப்பாடமாகவே இருக்கும். சின்ன வயதில் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒரு தடவையாவது கவ்விப் பிடிக்கக் கூடாதா என்று தோன்றும்.

நாய் தவறாமல் கவ்விப் பிடிக்கிற படங்கள் இருக்கின்றன. 1920களில் தொடங்கி 1940கள் வரை அமெரிக்காவில் வரிசையாக எடுத்தார்கள். கொலைகாரன், கடத்தல்காரன், நகைத் திருடன், இவர்களுக்கு நடுவில் ஒரு அல்சேஷன் நாய். பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான் ஓடும். செலவு குறைவு, செட்டும் குறைவு. நடிகர்கள் சுமாராக நடிப்பார்கள், நாய் பிரமாதமாக நடிக்கும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் சில வருடங்களாக இவற்றைப் போட்டுக் காட்டி வருகிறேன். எங்கே தொடங்குவது, நல்ல பிரதியை எப்படிக் கண்டுபிடிப்பது, பார்க்கும்போது எதைக் கவனிப்பது, பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: வம்சத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாயின் பெயர் தெரியாமல் இந்தப் படங்களைத் தேட முடியாது. போஸ்டரில் கதாநாயகன் பெயருக்கு மேலே நாயின் பெயர் இருந்த காலம் அது.

முதல் பெரிய நட்சத்திரம் ஸ்ட்ராங்ஹார்ட். ஜெர்மனியில் போலீஸ் பயிற்சி பெற்ற உண்மையான நாய். இயக்குநர் லாரன்ஸ் டிரிம்பிளும் எழுத்தாளர் ஜேன் மர்ஃபினும் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, 1921இல் திரையில் நிறுத்தினார்கள்.

அடுத்தது ரின் டின் டின். முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில், 1918 செப்டம்பரில், பிரான்சில் குண்டு விழுந்து சிதைந்த ஒரு நாய்க் கொட்டிலில் பிறந்த குட்டியாகக் கிடைத்தது. எடுத்து வளர்த்தவர் லீ டங்கன் என்ற அமெரிக்கச் சிப்பாய். பிரெஞ்சுக்காரர்கள் அதிர்ஷ்டத்துக்காக வைத்துக்கொள்ளும் நூல் பொம்மையின் பெயரையே குட்டிக்கு வைத்தார். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் காலூன்றியதில் இந்த நாய்க்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பேசும் படம் வந்ததும், பேசாத நாய் எதற்கு என்று கழற்றி விட்டார்கள். அங்கிருந்து மாஸ்காட் என்ற சிக்கன நிறுவனத்துக்குப் போய் 2 தொடர்படங்களில் நடித்தது. 1932 ஆகஸ்ட் 10 அன்று இறந்தது. இன்று பாரிஸ் பக்கத்தில் அனியேர் என்ற ஊரில், நாய்களுக்கும் மற்ற வளர்ப்புப் பிராணிகளுக்கும் என்றே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அதன் சமாதி இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நம் விஷயத்தின் மையம் வருகிறது. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட நாயைச் சின்ன நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. ரின் டின் டின் ஜூனியர், டார்ஜான், ஏஸ் என்று ஒரு பட்டாளமே வந்தது. நாய்க்கு வசனம் எழுத வேண்டாம், உடை தைக்க வேண்டாம், பெரிய நட்சத்திரச் சம்பளமும் கொடுக்க வேண்டாம். கையில் காசில்லாத தயாரிப்பாளருக்கு இதைவிடத் தோதான கதாநாயகன் கிடைக்குமா?

இடையில் ஒரு சின்ன விஷயம். இந்த இனத்தின் சரியான பெயர் ஜெர்மன் ஷெப்பர்ட். முதல் உலகப் போரில் ஜெர்மனி மேல் இருந்த கோபத்தில் ஆங்கிலேயர்கள் 'ஜெர்மன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அல்சேஷன் என்று வைத்தார்கள். பிரிட்டனின் கென்னல் கிளப் பழைய பெயரை 1977இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் இன்னும் அல்சேஷன்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாம் படி: சரியான வரிசையில் தொடங்குங்கள்

பலர் செய்கிற தவறு, எடுத்த எடுப்பில் ஒரு 12 பாகத் தொடரைப் போட்டு, மூன்றாம் பாகத்தில் களைத்துப் போய் விட்டுவிடுவது. கீழே சொல்லும் வரிசை எங்கள் மாடியில் பலமுறை சோதித்துப் பார்த்தது.

முதலில் 1905இல் வந்த 'ரெஸ்க்யூட் பை ரோவர்'. இங்கிலாந்துப் படம், ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பிச்சைக்காரி தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். வீட்டு நாய் தெருத்தெருவாக ஓடி, ஆற்றை நீந்திக் கடந்து, குழந்தை இருக்கும் குடிசையைக் கண்டுபிடித்து, திரும்பி வந்து அப்பாவை அழைத்துப் போகிறது. தயாரிப்பாளர் செசில் ஹெப்வொர்த் தன் மனைவி, குழந்தை, சொந்த நாய் எல்லாரையும் நடிக்க வைத்துச் சில பவுண்டு செலவில் எடுத்த படம். பிரதி போட்டுப் போட்டே நெகட்டிவ் தேய்ந்து, முழுப் படத்தையும் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த எல்லா நாய்ப் படத்துக்கும் விதை இந்த ஏழு நிமிடத்தில் இருக்கிறது.

அடுத்தது 1925இல் வந்த 'க்ளாஷ் ஆஃப் தி வுல்வ்ஸ்'. இது வார்னர் படம் என்பதால் மற்றவற்றை விடக் கொஞ்சம் வசதியாக எடுத்திருப்பார்கள். ரின் டின் டினின் திறமையை முழுதாகப் பார்க்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. அது ஓநாய்க் கூட்டத்தின் தலைவன். தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள். காலில் கள்ளி முள் குத்திவிடுகிறது. அதற்குப் பிறகு அது நடப்பதைப் பாருங்கள். ஒரு காலைத் தரையில் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, பாதி வைத்து, உடனே தூக்கிக்கொள்ளும். எங்கள் மாடியில் அந்த இடத்தில் ஒரு பாட்டி தன் பாதத்தை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். பின்பாதியில் ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க நாய்க்கு ஒட்டுத்தாடி கட்டி விடுவார்கள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மூன்றாவது 'தி நைட் க்ரை', 1926. ஆடுகளைக் கொல்வது நாய்தான் என்று ஊரே சந்தேகப்படுகிறது. உண்மையில் கொல்வது ஒரு ராட்சதக் கழுகு. கதை ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நம் ஆட்களுக்குப் புரிந்துவிடும். குழந்தையைக் காத்த கீரிப்பிள்ளையை, வாயில் இருந்த ரத்தத்தைப் பார்த்துக் கொன்றுவிட்ட கதை நமக்கு எத்தனை பழசு! சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையிலேயே அது வருகிறது. நல்லது செய்த வாயில்லா ஜீவன் மேல் பழி விழுவது, அந்த ஜீவனால் தன் பக்கம் நியாயம் சொல்ல முடியாமல் போவது. நாய்ப் படங்களில் பாதிக் கதை இதுதான். இதைத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு சுத்தமான குற்றப் படங்களுக்கு வாருங்கள். 'தி ரிட்டர்ன் ஆஃப் பாஸ்டன் பிளாக்கி', 1927: சிறையில் இருந்து வந்த பழைய திருடன், களவு போன ஒரு நெக்லஸை அதே வீட்டில் திரும்ப வைக்கப் பாடுபடுகிறான். துணைக்கு ஸ்ட்ராங்ஹார்ட். வயதான ஸ்ட்ராங்ஹார்ட்டைப் பார்க்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது. அப்புறம் 1935இல் வந்த 'ஸ்கல் அண்ட் க்ரவுன்', ரின் டின் டின் ஜூனியர், எல்லைச் சுங்கக் காவலும் கடத்தல் கும்பலும். அதே ஆண்டு டார்ஜான் நடித்த 'கேப்சர்ட் இன் சைனாடவுன்'. கடைசியாக 1939இல் வந்த 'தி ரூக்கி காப்', இதில் ஏஸ். போலீசில் நாய்களைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு இளம் காவலர் மேலதிகாரிகளிடம் போராடும் கதை. அந்தப் படம் வந்து 12 வருடம் கழித்து, 1951இல், நம் சென்னையில் காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவு தொடங்கியது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் படம் இன்னும் நெருக்கமாகிவிடும்.

மூன்றாம் படி: நல்ல பிரதியைத் தேடுங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இவற்றில் பலவற்றை இலவசமாகவே பார்க்கலாம். படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து, பக்கத்தில் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ஆண்டு இல்லாவிட்டால் அதே பெயரில் வந்த வேறு படம் வந்து நிற்கும்.

ஒரே படத்துக்கு மூன்று நான்கு பிரதிகள் இருக்கும். முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 60 நிமிடப் படம் 50 நிமிடம் என்று காட்டினால் டெலிவிஷனுக்காக வெட்டிய பிரதியாக இருக்கலாம். பிறகு நடுவில் ஒரு இருட்டுக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். அல்சேஷன் நாயின் முதுகு கறுப்பு. மோசமான பிரதியில் நாய் இருட்டோடு கரைந்து, இரண்டு கண் மட்டும் மினுங்கும். நாயே தெரியாத நாய்ப் படத்தைப் பார்த்து என்ன பயன்?

உரிமை பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் தொடங்கி 60 வருடம். 1930களின் படங்கள் அந்தக் காலத்தை எப்போதோ தாண்டிவிட்டன. ஆனால் மௌனப் படத்துக்கு இப்போது யாராவது புதிதாக இசை சேர்த்திருந்தால் அந்த இசைக்குத் தனி உரிமை உண்டு. பொது இடத்தில் காட்டும்போது ஒலியை அணைத்துவிட்டு நம் இசையைப் போடுவது நல்லது.

நான்காம் படி: வேகத்தையும் படச் சட்டத்தையும் சரிசெய்யுங்கள்

மௌனப் படங்களைக் கையால் சுற்றும் கேமராவில் எடுத்தார்கள். நொடிக்கு 16 முதல் 22 சட்டம் (பிரேம்) வரை இருக்கும். பேசும் படத்தின் 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் ஆட்கள் பொம்மை மாதிரி தத்தக்கா பித்தக்கா என்று ஓடுவார்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் இடது சதுர அடைப்புக்குறி விசையைத் தட்டத் தட்ட வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மனிதர்கள் நடப்பது இயல்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். நாயை வைத்து வேகத்தைக் கணிக்காதீர்கள், அது எந்த வேகத்திலும் அழகாகத்தான் தெரியும்.

திரையின் அகலத்துக்கு இழுத்து நிரப்பவும் வேண்டாம். பழைய படம் நாலுக்கு மூன்று அளவு. இழுத்தால் நாய் குண்டாகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாம் படி: நாயின் கண்ணைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். முதல் முறை கதைக்கு. இரண்டாம் முறை நாய்க்கு மட்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். காவல்துறை நாய்ப் பிரிவில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் மாடிக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் நாய் தரையை முகர்ந்துகொண்டு போய், சட்டென்று நிமிர்ந்து ஓரமாகப் பார்த்தது. "தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். "இது மோப்பம் பிடிக்கல. யாரோ பக்கத்துல நின்னு கை காட்டுறாங்க. அதைத்தான் பாக்குது."

அன்றிலிருந்து என் கண்ணில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆள்தான் தெரிகிறார். மௌனப் பட காலத்தில் லீ டங்கன் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தே நாயை நடத்த முடிந்தது. மைக் வந்த பிறகு வாயைத் திறக்க முடியாது, கைச்சைகைதான். அதனால் 1930களின் படங்களில் நாயின் பார்வை திரைக்கு வெளியே அடிக்கடி போகும். நாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அதன் எஜமான் நிற்கிறார். கெட்டிக்கார இயக்குநர் வில்லனையும் அதே பக்கத்தில் நிறுத்திவிடுவார். நாய் வில்லனை முறைப்பது போலவே இருக்கும். பெரியவர் சொல்லிக்கொடுத்த மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன்.

வாயைப் பாருங்கள். உண்மையாக மோப்பம் பிடிக்கிற நாய் வாயை மூடிக்கொண்டு மூக்கால் வேலை செய்யும். நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிற நாயால் சரியாக முகர முடியாது. எந்தக் காட்சியில் நாய் நிஜமாகவே எதையோ முகர்கிறது என்பதை இதை வைத்தே பிரித்துவிடலாம்.

வாலைப் பாருங்கள். வில்லன் மேல் பாய்ந்து கையைக் குதறும்போது வால் ஆனந்தமாக ஆடிக்கொண்டிருக்கும். நாய்க்கு அது விளையாட்டு. முகத்துக்கு அண்மைக் காட்சியில் மாறுவதே வாலை மறைக்கத்தான் என்று சில படங்களில் எனக்குத் தோன்றும்.

வில்லனின் கையைப் பாருங்கள். நாய் பாய்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே அந்தக் கை தானாக உயரும். அந்தச் சட்டைக் கை மட்டும் இன்னொரு கையை விடப் பருமனாக இருக்கும், உள்ளே பஞ்சோ தோலோ வைத்துச் சுற்றியிருப்பார்கள். துப்பாக்கி எப்போதும் அந்தக் கையில்தான் இருக்கும்.

முதுகுக் கறுப்பைப் பாருங்கள். ஓடும் காட்சிக்கு ஒரு நாய், அண்மைக் காட்சிக்கு ஒரு நாய் என்று மாற்றி வைத்தால் கறுப்பின் எல்லை காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் கண்டுபிடித்துவிட்டால் ரசனை போய்விடாதா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அன்பு கூடியிருக்கிறது. நூறு பேர் வேலை செய்யும் பெரிய படத்தில் எந்தக் குறையையும் மறைத்துவிடலாம். இங்கே ஒரு நாயும், படச் சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒரு மனிதரும் மட்டுமே மொத்தப் படத்தையும் தூக்கிச் சுமக்கிறார்கள். அதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது.

இன்னொரு நாள் பெரியவரிடம் அந்தப் பத்திரிகை வரியைப் பற்றிக் கேட்டேன். சினிமா நாய் எப்போதும் பிடிக்கிறது, நிஜ நாய் ஏன் பாதியில் நிற்கிறது என்று. அவருக்குக் கோபம் வரவில்லை. "நாய் எங்க நின்னுதுன்னு போட்டிருக்கா பாருங்க தம்பி. பஸ் ஸ்டாப்ல நின்னா, அவன் அங்க வண்டி ஏறிட்டான்னு அர்த்தம். அதுவே துப்புதான்" என்றார். ஆள் வண்டியில் ஏறிவிட்டால் தரையில் வாசனை அறுந்துபோகும். மழை பெய்தாலும், கூடின கூட்டம் தடத்தை மிதித்தாலும் கஷ்டம். இத்தனை வருடமாக நான் ஏமாற்றத்தோடு படித்த வரியில் ஒரு தகவல் இருந்திருக்கிறது.

ஆறாம் படி: மாடியில் காட்டுங்கள்

திரைக்கு எட்டு முழ வேட்டி ஒன்று போதும். இரட்டையாக மடித்தால் நாலு முழம், நாலுக்கு மூன்று படத்துக்குக் கச்சிதம், வெளிச்சமும் பின்னால் கசியாது. கரை மெல்லிசாக இருக்கும் வேட்டியாக எடுங்கள். மேலே ஒரு கொடிக்கயிறு, கீழே ஒரு மூங்கில் கழியைச் சொருகிவிடுங்கள். கழி இல்லாவிட்டால் கடற்காற்றில் திரை உப்பி, நாய் கடலில் நீந்துவது போல இருக்கும். ஜனவரியில் இருந்து மார்ச் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையை மழைக்கு விட்டுவிடுங்கள். ஏழேகால் மணிக்குத் தொடங்கினால் நன்றாக இருட்டியிருக்கும்.

மௌனப் படத்துக்கு ஒருவர் கதை சொல்ல வேண்டும். இது நாம் புதிதாகச் செய்வதில்லை. அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை மையமாக இருக்கும் பழைய கட்டிடம் 1913இல் எலக்ட்ரிக் தியேட்டர். அந்தக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, ஆங்கில எழுத்து வந்ததும் தமிழில் சொல்லி, அடிதடி வந்தால் குரலை ஏற்றிக் கதை நடத்துவார். அவரைப் போலச் செய்யுங்கள். எழுத்து அட்டையை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம். "திருட்டுப்பய வீட்டுக்குள்ள நுழைஞ்சிட்டான், நாய் எங்கே?" என்று கேட்டால் போதும், பிள்ளைகள் பதில் சொல்லிவிடுவார்கள். நாய்க்கு மட்டும் வசனம் கொடுக்காதீர்கள். அது பேசாமல் இருப்பதுதான் அதன் கௌரவம்.

எங்கள் மாடியில் மிருதங்கம் கற்கும் ஒரு பையன் துரத்தல் காட்சிகளுக்கு வாசிக்கிறான். நாய் ஓட ஓட அவன் நடையை ஏற்றுவான். பேசும் படம் போடும் நாட்களில் வேறு துணை வந்துவிடும். ஸ்பீக்கரில் நாய் குரைத்ததும் கீழே தெரு நாய்கள் எல்லாம் பதில் கொடுக்கத் தொடங்கும். ஒலியைக் கொஞ்சம் குறைத்து, ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் பார்க்காமல் வையுங்கள். அக்கம்பக்கத்தில் கைக்குழந்தை தூங்கும்.

ஏழாம் படி: சில இடங்களை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்

பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன் ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிடுங்கள். சீனர்களையும் அமெரிக்கப் பழங்குடிகளையும் இந்தப் படங்கள் காட்டும் விதம் பல இடங்களில் அசிங்கமாக இருக்கும். 'சைனாடவுன்' படத்தைப் பெரியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.

விலங்குகள் படும் பாட்டையும் கவனியுங்கள். படப்பிடிப்பில் விலங்குகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு ஹாலிவுட்டில் 1940 வாக்கில்தான் அமைந்தது. அதற்கு முந்தைய தொடர்களில் குதிரை விழும் காட்சிகளில் குதிரை நிஜமாகவே விழுகிறது. அவற்றை நான் தாண்டிப் போய்விடுவேன். நம் நாட்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்ததற்கு முக்கியக் காரணம் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். விலங்கு நல வாரியம் 1962இல் அவர் தலைமையில் சென்னையில்தான் தொடங்கியது. இன்று நம் படங்களின் தொடக்கத்தில் வரும் 'விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை' என்ற அறிவிப்புக்குப் பின்னால் அந்தச் சட்டம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

எட்டாம் படி: பிறகு தொடருக்கு வாருங்கள்

இவ்வளவும் பழகிய பிறகு 12 பாகத் தொடரைத் தொடங்கலாம். 1930இல் வந்த 'தி லோன் டிஃபெண்டர்' நல்ல தேர்வு. எஜமானைக் கொன்றவனை அடையாளம் தெரிந்த ஒரே சாட்சி நாய். 1931இல் வந்த 'தி லைட்னிங் வாரியர்' ரின் டின் டினின் கடைசி வேலை. வயதாகிவிட்டது தெரியும். ஓட்டத்தைவிட நின்று பார்க்கும் காட்சிகளில் அது நிறைந்து நிற்கும்.

வாரம் ஒரு சனிக்கிழமை, ஒரு பாகம். ஒவ்வொரு பாகமும் யாரோ மலையில் இருந்து விழும்போது முடியும். அடுத்த பாகத்தின் தொடக்கத்தில் போன வாரம் பார்த்த காட்சியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுத் தப்ப வைத்துவிடுவார்கள். எங்கள் மாடியில் ஒரு எட்டு வயதுப் பெண் ஒவ்வொரு வாரமும் இதைக் கண்டுபிடித்து எழுந்து நின்று சொல்லிவிடுவாள். அதற்காகவே போன பாகத்தின் கடைசி ஒரு நிமிடத்தைத் தனியாக வெட்டி வைத்திருக்கிறேன். அவள் கேட்டால் திரும்பப் போட்டுக் காட்டுவேன். ஆனால் எத்தனை பேர் எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்த பாகத்தை அன்றைக்கே போடாதீர்கள். வேட்டியை அவிழ்த்து மடித்துவிடுங்கள், மிச்சம் அடுத்த சனிக்கிழமை.